பன்னிரண்டு நாள் பயிர்

போன ஐப்பசியில் பிசானப் பருவத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்தபோது அப்பா வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது முட்டியில் சவ்வு கிழிந்திருந்தது. ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீரவநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து வயல் நடக்கிற தூரம்தான். கன்னடியன் கால்வாய்ப் பாசனம். நாள் தவறாமல் மடையைப் போய்ப் பார்த்து வந்த மனுஷன் முன்னறைக் கட்டிலில் படுத்தபடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "தண்ணி எப்படி வருது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அணை நீர்மட்டத்தைத்தான் பார்ப்பார். பாபநாசம் அணை 143 அடி, அதில் இன்றைக்கு எத்தனை அடி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் காபியைக் கையில் எடுப்பார்.

தீபாவளி லீவுக்கு அண்ணன் மகன் வந்திருந்தான். பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறான். நான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ராத்திரி வேலை முடிந்தாலும் அப்பாவுக்குத் துணையாக அந்த அறையில்தான் இருந்தேன். "சும்மா போனைத் தடவிக்கிட்டு இருக்கறதுக்கு இத வெளயாடிப் பாருங்க அத்தை" என்று சொல்லி என் போனில் ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் போதும், விளம்பரம் வராது, நடுவில் காசும் கேட்காது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அதற்கு முன் போனில் நான் ஆடியதெல்லாம் மிட்டாயை வரிசையாக அடுக்குகிற விளையாட்டுகள்தான்.

இது ஒரு இண்டி ஆர்பிஜி. ஆர்பிஜி என்றால் ஒரு ஆளாக நாம் உள்ளே போய், அந்த ஆளின் வாழ்க்கையை நாள் நாளாக நடத்துகிற ஆட்டம். இண்டி என்றால் பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், தனி ஆளோ சின்னக் குழுவோ செய்தது. இதைச் செய்தவர் எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர். படம் வரைந்தது, இசை அமைத்தது, வசனம் எழுதியது, புரோகிராம் எழுதியது எல்லாம் அவர் ஒருவரே. நாலரை வருடம் ஆகியிருக்கிறது. அந்தக் காலத்தில் செலவுக்கு ஒரு தியேட்டரில் வருகிறவர்களுக்கு இடம் காட்டும் வேலை பார்த்திருக்கிறார். 2016 பிப்ரவரி 26 அன்று ஆட்டம் வெளியானது. அதற்குப் பிறகும் புதிது புதிதாகச் சேர்த்து இலவசமாகவே கொடுத்து வருகிறார். 2024இல்கூட ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "ஒத்த ஆளாவா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கதை எளிது. நகரத்துக் கம்பெனி ஒன்றில் மேஜைக்கு மேஜை அடைபட்டு வேலை பார்க்கிற ஒருவருக்குத் தாத்தா எழுதிவைத்த கடிதம் கிடைக்கிறது. பெலிக்கன் டவுன் என்ற ஊர்ப்பக்கம் தாத்தாவின் பண்ணை கிடக்கிறது. முழுக்கக் காடாகிவிட்டது. அதைத் திருத்தி, பயிர் வைத்து, ஊராரோடு பழகி வாழவேண்டும். கையில் 500 காசு, மண்வெட்டி, கோடாலி, நீர் ஊற்றும் வாளி, பார்ஸ்னிப் என்கிற கிழங்கின் விதை பதினைந்து. வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும் அது.

முதல் நாளே நான் செய்த தவறைப் புதிதாக ஆடுகிற யாரும் செய்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். காடாகக் கிடப்பதைப் பார்த்ததும் முழுவதையும் வெட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. மரத்தை வெட்டினேன், கல்லை உடைத்தேன், புல்லைச் செதுக்கினேன். ஆளுக்குத் தெம்பு என்று ஓரத்தில் ஒரு கோடு இருக்கிறது. தொடக்கத்தில் அது 270. ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் குறையும். சாயங்காலத்துக்குள் காலியாகி, ஆள் தள்ளாடித் தள்ளாடி நடந்தது. அப்படித் தெம்பு தீர்ந்து படுத்தால் மறுநாளும் முழுத்தெம்போடு எழ முடியாது. அதனால் வீட்டு வாசலுக்கு முன்னால் பத்துக்குப் பத்து இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், முதல் மாதத்துக்கு அது தாராளம். மீதிக் காட்டை விட்டுவையுங்கள். பிறகு மரம் வேண்டும், கல் வேண்டும் என்று தேடுகிற நாள் வரும். அப்போது வாசலிலேயே கிடைக்கும்.

நேரக் கணக்கும் ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் நல்லது. காலை 6 மணிக்கு நாள் தொடங்கி ராத்திரி 2 மணியோடு முடிகிறது. நம் கடிகாரத்தில் அது ஏறக்குறைய 14 நிமிடம். இரண்டு மணிக்குள் வீட்டுக்குப் போய்ப் படுக்காவிட்டால் இருந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிடுவோம், கையிலிருக்கும் காசிலும் கொஞ்சம் போய்விடும். பையையோ பட்டியலையோ திறந்து வைத்திருக்கும்போது நேரம் ஓடாது. யோசிக்க வேண்டியதை அப்போது யோசித்துக்கொள்ளலாம். படுத்து எழுந்தால்தான் அன்றைய ஆட்டம் ஒழுங்காகப் பதிவாகும் என்பதால், உட்கார்ந்தால் ஒரு முழு நாளையாவது முடிக்கிற மாதிரி உட்காருங்கள். போனில் ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று: விரலால் தொட்ட இடத்துக்கு ஆள் நடப்பது சரிப்படவில்லை என்றால் செட்டிங்கில் போய் வேறு முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் இரண்டு வாரம் கழித்துத்தான் மாற்றினேன், அதற்குள் எத்தனையோ தடவை பயிரை மிதித்துத் தாண்டி நடந்து அல்லாடினேன்.

மீன்பிடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. இரண்டாம் நாள் மீன்காரர் ஒரு தூண்டிலை இலவசமாகவே தருவார். ஏறி இறங்குகிற பச்சைக் கட்டைக்குள் மீனை நிறுத்திப் பிடிக்கவேண்டும். அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டுத் தட்டினால் கட்டை கைக்கு அடங்கும். முடியவே இல்லை என்றால் அவர் கடையில் 25 காசுக்குப் பயிற்சித் தூண்டில் கிடைக்கிறது. சாதாரண மீன்தான் மாட்டும், ஆனால் கை பழகிவிடும்.

இனி அந்தக் காலிஃபிளவர் கதை.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் முதல் வாரமே எந்தப் பயிருக்கு லாபம் அதிகம் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். பார்ஸ்னிப் விதை 20, விற்றால் 35. உருளைக்கிழங்கு விதை 50, விற்றால் 80. காலிஃபிளவர் விதை 80, விற்றால் 175. பிறகென்ன, காலிஃபிளவர்தான் என்று முடிவு செய்தேன். காசு சேர்ந்து விதை வாங்கப் போன அன்று மாதத்தில் 17ஆம் தேதி. கடை பூட்டிக் கிடந்தது. புதன்கிழமை அந்தக் கடைக்கு லீவு, அதுவும் எனக்குத் தெரியாது. மறுநாள் போய்ப் பத்து விதை வாங்கி, 800 காசைக் கொட்டி, ஒரே வரிசையாக விதைத்து, தண்ணீர் ஊற்றி, அப்பாவிடம் போனைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் பாத்தி கட்டியிருப்பதும் மண் ஈரமாகக் கறுத்திருப்பதும் பார்த்தாலே தெரியும் அல்லவா?

"ஏட்டி, இது எத்தன நாள் பயிரு?"

"பன்னெண்டு நாளுப்பா."

"இன்னைக்குத் தேதி என்ன அதுல?"

"பதினெட்டு."

"மாசத்துக்கு எத்தன நாளு?"

"இருவத்தெட்டு."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "அப்போ பத்து நாள்தான கெடக்கு. பொறவு எதுக்கு வெதச்ச?"

அந்த ஆட்டத்தில் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு பருவம். ஒவ்வொன்றும் 28 நாள். பருவம் மாறுகிற அன்றே அந்தப் பருவத்துப் பயிரெல்லாம் பட்டுப்போகும். மக்காச்சோளம் மாதிரி சிலதுதான் இரண்டு பருவம் தாங்கும். நோட்டில் லாபத்தை எழுதினேனே தவிர, நாளை எழுதவில்லை. விளையாட்டுதானே, ஏதாவது சலுகை இருக்கும் என்று நினைத்துப் பத்து நாளும் தண்ணீர் ஊற்றினேன். கோடை முதல் தேதி காலையில் கதவைத் திறந்து வெளியே வந்தால், பத்துப் பாத்தியும் காய்ந்த சருகாக நின்றது.

அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நானே சொன்னேன் பாத்தியா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு வருடம் பிசானத்தில் நாற்று கிடைக்காமல் நடவு தள்ளிப்போயிருக்கிறது. சரி, சமாளித்துவிடலாம் என்று நட்டிருக்கிறார். மார்ச் கடைசியோடு கால்வாயில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்று, பாதிக்குப் பாதி பதராகிப் போனது. "தண்ணி நிக்கிற தேதியில இருந்து பின்னால எண்ணணும். வெதைக்கிற தேதியில இருந்து முன்னால எண்ணுனா எல்லாம் நல்லாத்தான் தெரியும்" என்றார்.

அன்று ராத்திரியே நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு பயிருக்கும் எதிரே கடைசி விதைப்புத் தேதி எழுதினேன். பார்ஸ்னிப்புக்கு நாலு நாள், அதனால் 24. உருளைக்கிழங்குக்கு ஆறு நாள், 22. காலிஃபிளவருக்கு 16. இந்த மூன்று எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் உங்கள் முதல் வசந்தம் என்னுடையதைப் போல முடியாது. ஒரு நாள் தண்ணீர் விடத் தவறினால் அந்த நாள் கணக்கில் சேராது, அறுவடை ஒரு நாள் தள்ளும். மழை பெய்தால் ஊற்றவேண்டிய வேலை இல்லை. வீட்டிலிருக்கும் டிவியில் மறுநாள் மழை உண்டா என்று தினமும் சொல்வார்கள். அப்பா சொல்லித்தான் அதைக் காலையில் முதல் வேலையாகப் பார்க்க ஆரம்பித்தேன். பேப்பரில் அவர் அணை பார்க்கிற மாதிரிதான். மழை என்று தெரிந்தால் அந்த நாளைக் கல் உடைக்கிற சுரங்கத்துக்கு ஒதுக்கிவிடலாம். தண்ணீர் ஊற்றாத தெம்பு மிச்சம். சுரங்கத்தில் ஐந்து தட்டு இறங்கினால் லிஃப்ட் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் ஐந்தின் மடங்கில் திரும்புகிற மாதிரி போங்கள், கையில் தின்ன ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

காக்கையும் வரும். பதினைந்து பயிருக்கு மேல் போனதும் எனக்கு வந்தது. பொம்மை செய்து நட்டால் சுற்றி எட்டுக் கட்டம் வரை காவல். அப்பா அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு மயிலுக்கு இது பத்தாது" என்றார்.

அண்ணன் மகன் போனில் கேட்டுவிட்டு, அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னான். நான் மாட்டேன் என்றுவிட்டேன். இந்த ஆட்டத்தில் தோற்றுப்போவது என்று ஒன்று கிடையாது. மூன்றாம் வருடத் தொடக்கத்தில், இறந்துபோன தாத்தா ஆவியாக வந்து பண்ணையை மதிப்பிடுவார். அதில் குறைந்தாலும் பிறகு ஒரு வைரத்தைப் படைத்து மறுபடி மதிப்பிடச் சொல்லலாம். அவசரம் எங்கேயும் இல்லை. அவசரமெல்லாம் நான் கொண்டுபோனது. இணையத்தில் தேடினால் எந்த நாளில் என்ன செய்தால் எவ்வளவு காசு என்று மற்றவர்கள் எழுதிவைத்தது மலைபோலக் கிடக்கும். ஒரு வாரம் அதைப் பார்த்து ஆடினேன். பகலில் பார்க்கிற கணக்கு வேலையையே ராத்திரியும் பார்ப்பது போல ஆகிவிட்டது. நிறுத்திவிட்டேன். முதல் தடவை ஆடும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். சிக்கிக்கொண்ட ஒரு இடத்துக்கு மட்டும் பதில் தேடிப் பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இந்த ஆட்டம் தமிழில் கிடையாது. அது எனக்கு நல்லதாகவே முடிந்தது. காலிஃபிளவருக்குப் பிறகு அப்பாவுக்கு அந்த ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. யாராவது பேசினால் "என்ன சொல்லுதான்?" என்பார். நான் தமிழில் சொல்வேன். அதுவரை வசனத்தையெல்லாம் வாசிக்காமலே தட்டித் தள்ளிக்கொண்டிருந்தவள், அவருக்குச் சொல்வதற்காக நின்று வாசிக்கப் போய்த்தான் அந்த ஊர் மனிதர்களைப் பார்த்தேன். ஊரில் முப்பது பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் வேலை, போகும் வழி, பிடித்தது பிடிக்காதது எல்லாம் உண்டு. வாரத்துக்கு ஒருவருக்கு இரண்டு தடவை ஏதாவது கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்கவேண்டும் என்றில்லை. வழியில் முளைத்துக் கிடப்பதையே பறித்துக் கொடுக்கலாம். யாருக்கு எது பிடிக்கும் என்று பார்ப்பதுதான் இந்த ஆட்டத்தில் பாதி.

ஜார்ஜ் என்று ஒரு கிழவர். சக்கர நாற்காலியில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். யார் பேசினாலும் சிடுசிடுப்பு. அப்பாவுக்கு அவரைத்தான் முதலில் பிடித்தது. "அந்தப் பெரியவருக்கு ஏதாவது கொண்டு குடு" என்று தினமும் சொல்வார். வசந்தத்தில் மலைப்பக்கம் பறித்து வைத்திருந்த லீக் என்கிற வெங்காயத்தாள் மாதிரி ஒரு கீரையைக் கொடுத்தேன். அவருக்கு அது உயிர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பெனி என்று ஒரு பெண் அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அவளோடு கொஞ்சம் பழக்கம் ஏற்பட்ட பிறகு, ஒரு நாள் தெருவில் நடக்கும்போது ஒரு காட்சி வந்தது. ஜார்ஜ் வீட்டுக்கு வெளியே தபால் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுக்கப் பார்க்கிறார். நாற்காலி தோதாக இல்லை, கை எட்டவில்லை. அந்த வழியாக வந்த பெனி பின்னாலிருந்து நாற்காலியை நகர்த்திக் கடிதத்தை எடுத்துக் கொடுக்கிறாள். உதவிதான். அவருக்கோ கோபம். தன்னாலேயே முடிந்திருக்கும் என்று சத்தம் போடுகிறார். பெனி முகம் வாடிப்போய் மன்னிப்புக் கேட்கிறாள். அப்போது ஆட்டம் நம்மைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறது. நல்ல காரியம் செய்தாய் பெனி என்று சொல்லலாம். அவரிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் என்றும் சொல்லலாம்.

நான் அதை அப்பாவுக்குச் சொல்லிவிட்டு விரலை எடுத்துக்கொண்டேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான் அவரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கியிருந்தோம். அவர் எழ முயற்சி செய்துகொண்டிருந்தார், நாங்கள் காத்திருக்கவில்லை. கையை உதறிவிட்டுக் கத்தினார். அம்மா அடுப்படியில் போய் அழுதாள்.

"அந்தப் புள்ள மேல தப்பில்ல" என்றார் அப்பா. அப்புறம் கொஞ்சநேரம் கழித்து, "ஆனா கேட்டிருக்கலாம்" என்றார்.

நான் இரண்டாவதைத் தட்டினேன். மறுநாளிலிருந்து கட்டில் பக்கம் போனதும் "புடிக்கவாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை கொடுத்தோம். பெரும்பாலும் "வேண்டாம், நில்லு" என்பார். நிற்போம். இப்படி ஒரு இடம் வந்தால் எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று தேடப் போகாதீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். ஆர்பிஜி ஆட்டத்தின் சாரமே அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. வசனம் வாசிக்காமல் தட்டிவிடுகிறவர்களுக்கு அது வராது. வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துச் சொல்லிக்கொண்டே ஆடிப்பாருங்கள், ஒரு ஆட்டமாவது.

இன்னொரு சின்ன விஷயம், மறந்துவிடுவேன். ஊரில் பாழடைந்த சமுதாயக் கூடம் ஒன்று இருக்கிறது. விளைந்ததையெல்லாம் வகைக்கு ஒன்றாக அங்கே கொண்டுபோய் வைத்தால் அது சீராகும். வசந்தப் பயிர்க் கட்டுக்கு பார்ஸ்னிப், பச்சை பீன்ஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு நான்கும் வேண்டும். அதனால் எது விளைந்தாலும் முதலாவதை விற்காமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். 50 மரக்கட்டை இருந்தால் பெட்டி செய்துவிடலாம். அந்த நான்கு பயிரில் என்னிடம் மூன்று இருந்தது. அந்த ஒரு காலிஃபிளவருக்காக வசந்தம் திரும்ப வரும்வரை காத்திருந்தேன்.

தை பிறந்தபோது அப்பா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். காலையில் வயல் வரைக்கும் போய் வரப்பு மேட்டில் நின்று பார்த்துவிட்டு வருவார். பயிர் நன்றாக நின்றது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். ஆட்டத்தில் இரண்டாம் வருட வசந்தம், முதல் தேதி.

"இன்னைக்கே வெதைச்சா பதிமூணாந் தேதி காலிஃபிளவர் எடுத்திரலாம்பா. அன்னைக்கு முட்டைத் திருவிழாவும் இருக்கு. அதுல மட்டுந்தான் ஸ்ட்ராபெரி விதை விப்பாங்க, நூறு காசு. எட்டு நாள்ல காய்க்கும், அப்புறம் நாலு நாளுக்கு ஒருக்கா. இருவத்தொண்ணுல ஒண்ணு, இருவத்தஞ்சுல ஒண்ணு, ரெண்டு தடவை எடுக்கலாம்."

"பதிமூணாந் தேதி எடுத்துப் போட்டா காசு என்னைக்குக் கைக்கு வரும்?"

விற்கிற பெட்டியில் போட்டால் மறுநாள் காலையில்தான் வரும். திருவிழா அன்று விதைக்கடையும் திறக்காது. நான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

"அப்போ திருவிழாவுக்கு வெறுங்கையோடதான் போவ. பாதிக்குக் கெழங்கப் போடு."

உருளைக்கிழங்கு ஆறு நாள். ஏழாம் தேதி எடுத்து, அன்றே மறுபடி விதைத்தால் பதிமூன்றில் இன்னொரு தடவை. முதல் எடுப்புக் காசை ஸ்ட்ராபெரிக்குத் தனியாக வைத்துவிடலாம். வாசலுக்கு இடதுபக்கம் காலிஃபிளவர் பன்னிரண்டு, வலதுபக்கம் உருளைக்கிழங்கு பன்னிரண்டு என்று விதைத்துத் தண்ணீர் ஊற்றினேன். நோட்டில் ஏழாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன். மிச்ச விதையைப் பத்தாம் தேதி போய் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னபோது, அது புதன்கிழமை என்றார் அப்பா.